மூன்றில் ஒரு பங்கு

காலி ஸ்ட்ரெச்சரை ஒருக்களித்துச் சாய்த்து எப்படியோ வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அப்பாவைச் சாய்க்க முடியாது. அமரர் ஊர்தி வண்டிக்காரர் வாசலில் நின்று, கேட் வரை போகும் நடைபாதையைப் பார்த்தார். இருபுறமும் ஆளுயரச் செம்பருத்தி, நடுவில் ஒரு ஆள் இடுக்கு.

"வெட்டாம ஆகாதும்மா," என்றார்.

மகள் கிளைகளை இரு கையாலும் ஒதுக்கிப் பார்த்தாள். போன வருஷம் இதே இடத்தில் கைப்பையின் வார் கிளையில் மாட்டி அறுந்த கோபத்தில், "ஒருநாள் உங்க செடி உங்களையே வெளிய விடாது, பாருங்க!" என்று கத்தியிருந்தாள். அப்பா திரும்பி உள்ளே போய்விட்டார். விடியற்காலை அவர் மூச்சு நின்றதிலிருந்து அந்தப் பேச்சுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

தபால்காரர் முதல் மாப்பிள்ளை வரை எல்லோரையும் அப்பா கேட்டிலேயே, "செடியில இடிக்காம வாங்க," என்றுதான் வரவேற்பார். நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம்.

அண்ணன் பெரிய கத்தரியை எடுத்துவந்து நுனிகளைச் சரக்சரக்கென்று நறுக்கினான். பாதையெல்லாம் இலை. உள்ளே கட்டைகள் அப்படியே நின்றன. அரையடி வழிகூடக் கூடவில்லை. அப்பா பார்த்திருந்தால், "என்னடா, முடிவெட்டுறியா?" என்று கேட்டிருப்பார்.

அவர் செய்வது வேறு. வருஷத்துக்கு ஒருமுறை, கிழட்டுத் தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மண்ணை ஒட்டி அறுப்பார். "எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்துட்டா அது எதை வச்சுப் பொழைக்கும்?" போன வருஷத்தோடு இரண்டு பங்கு முடிந்திருந்தது. மூன்றாவது பங்குக்கு இந்த வருஷம் அவரால் குனிய முடியவில்லை.

"விடுண்ணா. நுனியில என்ன இருக்கு? அடியில பாக்கணும்."

மகள் மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டாள். ஒரு தண்டின் அடியில் நீலத் துணி முடிச்சு. தள்ளி இன்னொன்று. எண்ணினாள், ஐந்து. அப்பாவின் பழைய சட்டையைக் கிழித்துக் கட்டியது. ஐந்தும் பாதைப் பக்கம் சாய்ந்த கிழட்டுத் தண்டுகள்.

"அம்மா, இதை எப்ப கட்டினாரு?"

அம்மா வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். காலையிலிருந்து அழவில்லை.

"நீ கத்திட்டுப் போனியே, அதுக்கு மறுநாள். அவ சொன்னதுலயும் நியாயம் இருக்கு, அடுத்த தடவை வழியில நிக்கிறதை எடுத்துடுறேன்னாரு. உன்கிட்ட சொல்லிடுவாரா? ரோஷம்."

மகள் அப்பாவின் கை ரம்பத்தை எடுத்துவந்தாள். முதல் தண்டு லேசில் அசையவில்லை. இரண்டாவதில் கை பழகியது. அறுக்க அறுக்க அண்ணன் இழுத்துப் போட்டான். ஐந்தாவதில் கண்ணீர் மறைத்தது. புறங்கையால் துடைத்துவிட்டு மிச்சத்தையும் அறுத்தாள். துணிகளை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

வண்டிக்காரர் இரண்டு கைகளையும் விரித்தபடி நடந்து பார்த்தார். "தாராளமா போகும்மா."

நான்கு பேர் தூக்கினார்கள். அப்பா சாயாமல், நேராக வெளியே வந்தார்.

"செடியில இடிக்காமப் போங்கப்பா," என்றாள் அம்மா.

வழி அத்தனை தாராளமாக இருந்தும், நால்வரும் முழங்கைகளை ஒடுக்கிக்கொண்டார்கள்.