மணல்மூழ்கியின் தோல்

ஆம்பூரில் தோலுக்கு ஃபினிஷிங் செய்யும் ஒரு கம்பெனியில் அலீனாவுக்கு டிசைன் வேலை. ஷூவுக்கும் பைக்கும் தோலில் என்ன கோடு, என்ன கலர் என்று பார்ப்பவளிடம் அந்த ஜனவரியில் ஒரு வினோதமான ஆர்டர் வந்து சேர்ந்தது. சென்னையில் குழந்தைகளுக்காக நடக்கப்போகும் ஒரு கண்காட்சிக்கு, உலகத்திலேயே இல்லாத ஒரு பாலைவனப் பல்லியின் தோல் வேண்டுமாம். பெயர் மணல்மூழ்கி. நீளம் முப்பது அடி. அனுப்பியிருந்தது ஒரே ஒரு படம்.

தோலில் முதலைச் செதிலை அச்சாக அடிக்கும் பிளேட் இருக்கவே இருக்கிறது, அதையே தலை முதல் வால் வரை அடித்து அனுப்பிவிடலாம் என்றார் முதலாளி இஷ்தியாக் அகமது. அலீனாவுக்கு மனசு ஒப்பவில்லை. முதலை தண்ணீரில் கிடப்பது. இது மணலுக்குள் நீந்துவது. இரண்டு வாரம் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த இரண்டு வாரமும் அவள் பல்லியோடுதான் குடித்தனம் நடத்தினாள். மணலில் உரசி உரசி வயிறு வழவழவென்றுதான் இருக்கும்; அங்கே செதில் வேண்டாம். விடியற்காலைப் பனிதான் அதற்குத் தண்ணீர். ஆகவே முதுகுச் செதில்களுக்கு நடுவே வாய் வரை ஓடும் குட்டி வாய்க்கால்கள். இரை கிடைக்காத மாதங்களுக்குக் கொழுப்பு சேர்த்துவைக்கத் தடித்த வால். பிளேட் மெஷினில் நின்ற தனகோடி முதலில் சிரித்தான். மூன்றாம் நாள் அவனே, "இது முட்டை போடுமா, குட்டி போடுமா?" என்று கேட்டான். முட்டைதான் என்றாள். அப்படியென்றால் வயிறு விரிய மடிப்பு வேண்டுமே என்று அவன் சொல்ல, மடிப்புக்கே ஒரு நாள் போயிற்று.

ஆட்டுத்தோல்களை ஒட்டித் தைத்து, சாயம் ஏற்றி, மாடியிலிருந்து தொங்கவிட்டுக் காயவைத்தார்கள். ரோட்டில் போன யாரோ அதை வீடியோ எடுத்துப் பரப்பிவிட்டார்கள். மறுநாள் காலை வாசலில் வனத்துறை ஜீப் நின்றது.

ரேஞ்சர் புகழேந்தி இறங்கி அண்ணாந்து பார்த்தார். முதலாளி வாசற்படியைத் தாண்டவில்லை. அலீனாதான் முன்னால் போனாள்.

"இன்னா மிருகம்மா இது?"

"மணல்மூழ்கி சார். அப்படி ஒன்னு கெடையாது. நாங்களா பண்ணது. ஆட்டுத்தோல்தான்."

தோலைத் திருப்பித் தையலைக் காட்டினாள். அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். சந்தேகம் தீர்ந்த பிறகும் கிளம்பவில்லை. என்ன தின்னும், எங்கே தூங்கும் என்று கேட்டுக்கொண்டே தலைப்பக்கம் வந்து குனிந்தார்.

"எல்லாம் சரிம்மா. காது எங்க?"

காதை அலீனா மறந்தே போயிருந்தாள். உடும்புக்கும் ஓணானுக்கும் கண்ணுக்குப் பின்னால் காதுத் துளை தெரியும் என்றார் அவர். ஊருக்குள் வந்த உடும்புகளை எத்தனையோ தடவை பிடித்துக் காட்டில் விட்டவர். அவளுக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். மணல் போகாமல் துளையை மூடிக்கொள்ள ஒரு மடல் இருந்தால் சரியாக இருக்குமா என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, இருக்கலாம் என்றார். டிரைவர் இரண்டு தரம் ஹார்ன் அடித்தும் நகரவில்லை. தனகோடி துளை போட்டு மடலைத் தைத்து முடிக்கும்வரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

லோடு ஏற்றிய அன்று, சுருட்டினால் செதில் நசுங்கும் என்று தோலை நீட்டியே வைத்தார்கள். லாரிக்கு வெளியே நான்கு அடி வால். தனகோடி அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டினான். விவரப்பலகைக்கு இரண்டு வரி போதும் என்று சென்னைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அலீனா நான்கு பக்கம் எழுதி உறையில் போட்டு டிரைவரிடம் கொடுத்தாள். அப்போதுதான் தனகோடி, அது எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும் என்று எழுதினாளா என்று கேட்டான்.

உறையைத் திரும்ப வாங்கி, லாரிக் கதவின் மேலேயே வைத்து, நூற்றிருபது என்று எழுதினாள்.