சனிக்கிழமைக்கு ஆளில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே புக்கிட் மலாவத்தி குன்றின் அடிவாரத்தில் அறுபது பேர் மஞ்சள் டி-சட்டையில் நின்றார்கள். சட்டையின் முன்பக்கம் தோட்டத்தில் ஆட்களை மேய்த்துக் காலஞ்சென்ற செல்லன் மண்டோர் சிரித்துக்கொண்டிருந்தார். பின்பக்கம், 'மறதி நோயாளிகளுக்காக நடப்போம்' என்று எழுதியிருந்தது. அவர் நினைவாகக் குடும்பத்தார் நடத்தும் மூன்றாம் ஆண்டு நடை. மூத்த மகன் பாலகிருஷ்ணன் ஒலிபெருக்கியும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தான். திரளும் நன்கொடை நோயாளிகள் இல்லம் ஒன்றுக்குப் போகும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறையெல்லாம் அவன் தங்கை லோகேஸ்வரிக்குத்தான். அப்பாவைக் கடைசி நான்கு வருடம் அசாம் ஜாவா வீட்டில் வைத்துப் பார்த்தவள் அவள். இப்போது அப்பாவின் தம்பி, கல்யாணம் ஆகாத தேவதாஸ் சித்தப்பாவுக்கும் அதே மறதி. அவரும் அவள் வீட்டில்தான். வார நாட்களில் பக்கத்து வீட்டு லெட்சுமி பார்த்துக்கொள்வார். சனிக்கிழமை அவரும் வேலைக்குப் போய்விடுவார். ஆளில்லாமல் மூன்று சனிக்கிழமை லோகேஸ்வரி தொழிற்சாலைக்கு மட்டம் போட்டாகிவிட்டது. இன்னும் ஒருமுறை வராவிட்டால் வேலை இல்லை என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

குடும்ப வாட்சப் குழுவில் கேட்டாள். முறை வைத்து, சனிக்கிழமைக்கு ஒருவர் வந்து சித்தப்பாவோடு இருங்கள் என்றுதான். அதே குழுவில் நாசி லெமாக் சோறு யார், தண்ணீர் யார், பலூன் யார் என்று பத்து நிமிடத்தில் பட்டியல் போட்டவர்கள், இதற்குக் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். தங்கை கங்கா மட்டும் "பாவம்கா நீ" என்று எழுதினாள். பாவம் பார்த்தால் சித்தப்பாவுக்குச் சோறு ஊட்டியாகிவிடுமா?

வேறு வழியில்லாமல் அவரையும் நடைக்கு அழைத்து வந்திருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குப் பழைய தோட்டம் நினைவுக்கு வந்துவிட்டது. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு.

"பெரட்டுக்கு ஆள் சேந்துருச்சா? பேரு கூப்புட்டாங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி தள்ளி நின்று படம் எடுத்தாள்.

பாலகிருஷ்ணன் ஓடிவந்தான். "ஏன் லோகேஸ் இவர கூட்டியாந்த? விருந்தாளிங்கல்லாம் வராங்க லா. என் காடில உக்கார வை, ஏர்கோன் போட்டுடறேன்."

"அவரும் நடக்கட்டும்ணே."

"நடுவுல எங்கயாச்சும் போயிட்டாருன்னா யார் தேடுறது?"

பாலகிருஷ்ணன் கெட்டவன் அல்ல. நோயாளியின் பக்கத்தில் உட்காரத்தான் அவனுக்குப் பயம். ஊரைக் கூட்டி நடக்கப் பயமில்லை.

சித்தப்பாவைக் காரில் ஏற்றிக் கதவைப் பூட்டிவிட்டு, ஒலிபெருக்கியை லோகேஸ்வரியிடம் நீட்டினான். அப்பாவைப் பார்த்துக்கொண்ட மகள் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். அதற்குள் சித்தப்பா கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். "கதவத் தொறங்கய்யா! நேரமாச்சு!"

லோகேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பாவும் இப்பிடித்தான் தட்டுனாரு," என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னாள். "தெனம் விடிகாலைல பெரட்டுக்குப் போவணும்னு வாசக் கேட்டப் புடிச்சி ஆட்டுவாரு. கூட நடக்க ஆள் இல்ல. நான் வேலைக்குப் போவணும். பூட்டுனேன். நாலு வருசமும் பூட்டுனேன். அப்ப ஒருத்தரும் வரல. இப்ப அறுவது பேர் நடக்குறீங்க."

பாலகிருஷ்ணன் முகம் சிவந்தது. "மைக்க குடு. வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுக்கு எப்பண்ணே நீ வந்த?"

அவன் கார்ப் பக்கம் போய்க் கதவைத் திறந்தான். சித்தப்பா இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீ எந்த லயம்பா?" என்று அவனைக் கேட்டார். தோட்டத்தில் எந்த வரிசை வீட்டு ஆள் என்று கேட்கிறார்; தூக்கி வளர்த்த பிள்ளையை அவருக்குத் தெரியவில்லை. பாலகிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வர்ற சனிக்கிழம நான் வர்றேன் லோகேஸ்," என்றான்.

"அதுக்கு அடுத்த சனிக்கிழம?"

"நான் வர்றேன்கா," என்றாள் கங்கா மெல்ல.

லோகேஸ்வரி சித்தப்பாவின் கையைப் பிடித்து வரிசையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"சொன்னா பத்தாது, வரணும். செத்தவருக்காக வருசத்துக்கு ஒரு நாள் நடந்தா போட்டோதாண்ணே கெடைக்கும். உசுரோட இருக்கறவரு கூட வாரத்துக்கு ஒரு நாள் இருந்தாத்தான் அது பாசம்."