பாய்லர்காரர் கூரைக்குப் போனார்

செருப்புக்கு அடிப்பாகம் வார்க்கிற அந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் நெருப்பண்ணன். பாய்லருக்குக் கரி தள்ளி, நீராவி அழுத்தம் பார்த்து, வார்ப்பு எந்திரங்களுக்குச் சூடு அனுப்பியவர் அவர்தான். எந்திரங்களுக்கு மட்டுமா? காலையில் வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் முதலில் பாய்லர் அறைக்குள் தலையை நீட்டி, நீராவிக் குழாயின் மேல் தம் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டுத்தான் போவார்கள். எதைக் குழாயோடு ஒட்டி வைப்பது, எதைத் தள்ளி வைப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. மதியம் மணி அடித்ததும் கரி படிந்த அந்த அறை கல்யாண வீடாகிவிடும். மனைவி காலமாகி, மகளும் கட்டிக்கொடுத்த ஊரோடு போய்விட்ட அவருக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் குடும்பம்.

பிறகு நிர்வாகம் கரியை நிறுத்தியது. கூரை முழுக்கச் சூரியத் தகடுகள் வந்தன. எந்திரங்கள் மின்சாரத்தில் சூடேறின. பக்கத்துத் தெருவில் துணிகள் முதன்முறையாக வெள்ளையாகவே காய்ந்தன. நல்ல காரியம்தான், அதை அவரே சொல்வார். அவருடைய இருமல்கூடக் குறைந்திருந்தது. பாய்லரை அணைத்த அன்று மேலாளர் நாலு வார்த்தை பேச, எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த நாளிலிருந்து அவருக்குக் கூரையில் வேலை. தகடுகள் சூடேறும் முன்பே நீளக் கம்புத் துடைப்பத்தால் கழுவ வேண்டும். பிறகு பொழுது சாயும்வரை பறவை எச்சம், காய்ந்த இலை என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சம்பளத்தில் குறையில்லை. பேசத்தான் ஆளில்லை.

கீழே சாப்பாட்டு அறையில் டப்பாக்களைச் சூடாக்க மின்சாரப் பெட்டி வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தார். யாரும் கூப்பிடவில்லை. படியில் எதிர்ப்பட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு நழுவினார்கள். அவர் மாடிப்படி முகப்பின் நிழலில் உட்கார்ந்து, "கீழ இருக்கிற பிள்ளைங்க வயிறு நிறையணும், சாமி" என்று வழக்கம்போல வேண்டிக்கொண்டு, ஆறிப்போன சாப்பாட்டை விழுங்குவார். ஒருநாள் அந்த வேண்டுதலும் பாதியில் நின்றுபோனது. கடவுளிடம்கூடப் பேச்சு வரவில்லையே என்று அவருக்குத் திக்கென்றது. மறுநாள் சாயங்காலம் மேலாளரைப் பார்த்து, வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட முடிவு செய்தார்.

அந்த மறுநாள் முற்பகலில்தான் அது நடந்தது. வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த தகட்டின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும், பல வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போய் டப்பாவை அதன்மேல் வைத்தது. சரிந்து விழாமலிருக்கத் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்தார்.

சற்று நேரத்தில், கீழே திரையைப் பார்த்து மின்சாரத்தைக் கண்காணிக்கிற பொறியாளர் பெண் மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"அண்ணே, ஒரு வரிசையே படுத்துருச்சு! ஒரு தகட்டுல நிழல் விழுந்தா கூட இருக்கிறதும் சேர்ந்து சோர்ந்துடும்னு சொன்னேன்ல?" என்றவள் டப்பாவைப் பார்த்துவிட்டாள். "இது என்ன?"

"சாப்பாடும்மா."

"அது தெரியுது. இங்க என்ன பண்ணுது?"

"சூடாகுது."

திட்ட வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கீழ அவ்வளவு பெரிய பெட்டி இருக்கே, அங்க ஏண்ணே வர்றதில்ல?"

"கூப்பிடாத இடத்துக்கு எப்படிம்மா வர்றது?"

"அட போங்கண்ணே! பாய்லரை மூடினப்போ எல்லாரும் கைதட்டிட்டோமே, நெருப்பண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு அவங்க ஆளாளுக்கு ஒளியிறாங்க. நீங்க கோவமா இருக்கீங்கன்னுதான் கீழ பேச்சு."

கைதட்டலை அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அன்று அவரும் சேர்ந்தல்லவா தட்டினார்! கூச்சமும் வெளியிலிருந்து பார்த்தால் கல்நெஞ்சு மாதிரிதான் தெரியும் போலும்.

அவள் டப்பாவைத் துண்டோடு எடுத்துக்கொண்டாள். "மணி அடிக்கப் போகுது, வாங்க. நானும் திரை முன்னாடி ஒத்தையா உக்காந்து சாப்பிடுற ஆளுதான். தனியா அங்க நுழைய எனக்கும் ஒரு மாதிரியா இருக்கு. துணைக்கு வாங்க."

சாப்பாட்டு அறை வாசலில் அவர் நின்றதும் உள்ளே பேச்சு அறுந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று கால் பின்வாங்கியது. மூலையிலிருந்த வார்ப்பு எந்திரக்காரர் தொண்டையைச் செருமினார்.

"என்னண்ணே, பாய்லர்ல கருகாத ஆளு வெயில்ல கருகிட்டீங்க?"

"புகை போனதும் நீ மட்டும் வெளுத்துட்டியாக்கும்!"

அறை கொல்லென்று சிரித்தது. எந்திரக்காரர் நகர்ந்து இடம்விட்டு, பெஞ்சைக் கையாலேயே துடைத்தார். "தப்புதாண்ணே. ஒருத்தனாவது மேல வந்திருக்கணும்" என்றார் தாழ்ந்த குரலில்.

"நானும் இறங்கி வந்திருக்கணும்டா. தள்ளு, அந்தப் பொண்ணும் உக்காரட்டும்."

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்ததும் எல்லோரும் எந்திரங்களுக்குத் திரும்பினார்கள். அவர் தனியாகப் படியேறினார். மேலே அதே வெயில், அதே அமைதி. சாயங்காலம் மேலாளரின் அறைக்கதவு திறந்துதான் இருந்தது. அவர் நிற்காமல் கடந்து போனார். பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடக்க, வெளிக்கதவருகே எந்திரக்காரர் காத்துக்கொண்டிருந்தார்.