குறுக்குக்கட்டையில் தொங்காத மான்

ரெய்னோ பொய் சொல்கிற ஆள் இல்லை. அவரிடம் வந்து சேருகிற உண்மை கொஞ்சம் சதை போட்டுவிடும், அவ்வளவுதான். ஒரு வருஷம் குளிர் முற்றிப்போய், நீராவிக் குளியலுக்கான சௌனாக் குடிலின் புகைபோக்கியிலிருந்து எழுந்த புகை அப்படியே விறைத்து நின்றுவிட்டது, அதில் கயிறு கட்டி மூன்று நாள் துணி உலர்த்தினேன் என்பார். கயிறு இன்னும் இருக்கிறது. கேட்டால் எடுத்துக் காட்டுவார்.

அப்படிப்பட்டவர், மிச்சிகனின் வடக்குக் கோடியில், மான் வேட்டை தொடங்கிய ஐந்தாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, பத்துக் கிளைக் கொம்புள்ள மான் ஒன்றைச் சுட்டார். இதில் சதை எதுவும் கிடையாது. பத்துதான். அவரே இரண்டு தரம் எண்ணினார், பதினொன்று வருமா என்று பார்த்தார், வரவில்லை.

சுட்டே ஆகவேண்டிய வருஷம் அது. அவர்களுடைய கேம்ப்பில் நாலு பேர். மானைக் குறி தவறவிட்டவனுக்கும், சீசன் முழுக்க ஒன்றும் கிடைக்காதவனுக்கும் சட்டையின் பின்வாலைக் கத்தரித்துச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். பெயர், வருஷம் எழுதி. இது அந்தப் பக்கத்தில் எல்லாக் கேம்ப்பிலும் உள்ளதுதான். ஆனால் இவர்களுக்கு இன்னொரு சட்டமும் உண்டு: தொடர்ந்து மூன்று வருஷம் வால் இழந்தவன் தன் பரணை அடுத்தவனுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போக வேண்டும். ரெய்னோவின் வால் இரண்டு ஏற்கெனவே சுவரில் இருந்தது. ஒன்று நீலக் கட்டம், ஒன்று பழுப்புக் கட்டம். இந்த வருஷம் சிவப்புக் கட்டம் போட்டிருந்தார்.

பரண் என்றால் சாதாரணப் பரண் இல்லை. தேவதாரு சதுப்பின் ஓரம், ஒரு கிழட்டு மரத்தின் கவட்டையில், ஏரியைப் பார்த்தபடி. ரெய்னோ பத்தொன்பது வருஷமாக அதில் உட்கார்ந்து வருகிறார். அதற்கு முன் அது ஹெய்க்கியுடையது. ஹெய்க்கிக்கு இப்போது எண்பத்தொன்று. பத்தொன்பது வருஷமாக உருளைக்கிழங்கு சீவுகிறார்.

குண்டு பட்ட மான் நாற்பது தப்படி ஓடி, சாய்ந்த மரமொன்றின் வேர் மேட்டில் விழுந்தது. ரெய்னோ அரைமணி பொறுத்துப் போய்ப் பார்த்தார். தன் பெயர் எழுதிய வேட்டை அனுமதிச் சீட்டைக் கொம்பில் கட்டினார். அவர் வாங்கியிருந்தது ஒரே சீட்டு. அதைக் கட்டிவிட்டால் அந்த வருஷத்துக்கு வேட்டை முடிந்தது. வயிற்றைக் கிழித்துக் குடலை வெளியே தள்ளினார். தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. அறுபத்தெட்டு வயசு இடுப்பு இழுக்கிற எடை இல்லை. பனியில் இழுக்கிற சறுக்குப் பலகையை எடுத்து வரலாம் என்று கேம்ப்புக்கு நடந்தார். பதினைந்து நிமிஷ நடை.

பலகையை எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கேம்ப்பில் மூன்று பேர் இருந்தார்கள், அடுப்பில் காப்பி இருந்தது, ஹெய்க்கி போட்ட ஏலக்காய் ரொட்டி இருந்தது.

"என்ன மச்சான், வெடிச்சத்தம் கேட்டுச்சே. மரம் ஏதாவது செத்துச்சா?" என்றார் புரூஸ். ரெய்னோவின் மனைவியுடைய தம்பி, கேம்ப்புக்குத் தலைவர். நிலம் அவருடையது.

ரெய்னோ கோட்டைக் கழற்றினார். கையில் ரத்தம். அதை எல்லோரும் பார்க்கும்படி ரொட்டியை எடுத்தார்.

"பத்து," என்றார்.

"பத்துக் கிலோவா?" என்றான் டெரிக். புரூஸின் மருமகன். அவன் பரணில் காஸ் ஹீட்டர் வைத்திருக்கிறான், நாற்காலியில் குஷன் வைத்திருக்கிறான், போனில் படம் பார்த்துக்கொண்டே முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே மான் அடித்துவிட்டான். ரெய்னோவின் பரணுக்கு அடுத்த வாரிசு அவன்தான். அங்கே சிக்னல் நன்றாக வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"பத்துக் கிளை, மாப்ள. கொம்பு விரிஞ்ச விரிவுல நீயும் உன் ஹீட்டரும் சேர்ந்து படுக்கலாம்."

"சரி மச்சான், பேசிட்டே நிக்காத, வா போய் இழுத்துட்டு வருவோம்," என்று புரூஸ் பூட்ஸைத் தேடினார்.

"நீ உக்காரு. என் மான், நானே இழுக்கறேன். முதல்ல எப்படி வந்துச்சுன்னு கேளு."

எப்படி வந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். காற்று எந்தப் பக்கம் இருந்தது, முந்தின நாள் கனவில் என்ன வந்தது, மான் எந்தக் கால் முன்னே வைத்தது. இரண்டாவது காப்பி ஊற்றியபோது மான் இன்னும் ஏரியைக் கூடத் தாண்டவில்லை. மூன்றாவது காப்பியில் அவர் துப்பாக்கியைத் தூக்கினார். ஹெய்க்கி மட்டும் கதையைக் கேட்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடலை எங்க போட்ட?" என்றார் ஹெய்க்கி.

"பக்கத்துலதான். ஏன்ணே?"

"ஒண்ணுமில்ல. காத்து சதுப்புப் பக்கம் அடிக்குது."

ரெய்னோ கதையை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். பாதியில் எழுந்து போகிற பழக்கம் அவருக்கு இல்லை. மணி நாலரை. துப்பாக்கியை மூலையில் சாத்தி வைத்தார். சீட்டு கட்டியாயிற்று, இனி அதற்கு வேலை இல்லை.

வேர் மேட்டை நெருங்கும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது, சாம்பல் நிறத்தில். முதலில் காதில் விழுந்தது சத்தம்தான்: ஈரத் துணியை யாரோ மெதுவாகக் கிழிப்பது போல.

கொயோட்டிகள். நரி என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும், ஓநாய் என்று சொன்னால் கூச்சப்படும், அந்த அளவு. ஐந்து இருந்தன. ஐந்தும் வேலையாக இருந்தன.

"ஏய்," என்றார் ரெய்னோ.

ஐந்தும் நிமிர்ந்து பார்த்தன. ஓடவில்லை. பத்தடி பின்னால் போய், பனியில் வரிசையாகப் பின்னங்காலை மடித்து உட்கார்ந்துகொண்டன. கேம்ப்பில் மேஜையைச் சுற்றி உட்காருவார்களே, அப்படி. நடுவில் இருந்தது புரூஸைப் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டது. ஓரத்தில் இருந்த குட்டி அவரைப் பார்க்கவே இல்லை, வேறெங்கோ பார்த்து வாயை நக்கிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு நிமிஷம், இவற்றிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும் போலிருக்கிறதே என்று தோன்றியது.

கையை வீசினார், கத்தினார், பலகையைத் தட்டினார். நடுவில் இருந்தது கொட்டாவி விட்டது. கடைசியில் ஒரு பூட்ஸைக் கழற்றி எறிந்தார். அப்போதுதான் எழுந்தன, அதுவும் அவசரமில்லாமல், விருந்து முடிந்து போகிறவர்கள் மாதிரி. குட்டி மட்டும் பூட்ஸை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

தலை இருந்தது. கொம்பு இருந்தது, பத்தும். கொம்பில் சீட்டு இருந்தது, அவர் பெயரோடு. கழுத்தும் பாதி விலாவும் இருந்தன. பின்னந்தொடை இரண்டும் இல்லை. முதுகுச் சதை இல்லை. மிச்சமிருந்ததில் வீட்டு நாய்க்குப் போடுகிற அளவுகூடத் தேறாது.

ஒரு காலில் பூட்ஸ் இல்லாமல் அங்கேயே நின்றார். இடம் அவருக்குப் பழக்கமானது. அந்த வேருக்குக் கீழேதான், பதினெட்டரை வருஷத்துக்கு முன் ஏப்ரலில், வேறொரு தலையைப் பார்த்தார்.

அதற்கு முந்தின சீசன், ஹெய்க்கிக்கு வால் போகவிருந்த மூன்றாம் வருஷம். மாலையில் எட்டுக் கிளை மான் ஒன்றைச் சுட்டதாகவும், சீட்டைக் கட்டிவிட்டு, இருட்டிவிட்டதால் காலையில் எடுக்கலாம் என்று வந்ததாகவும், காலையில் கொயோட்டிகள் இழுத்துப் போயிருந்ததாகவும் ஹெய்க்கி சொன்னார். ராத்திரி முழங்கால் ஆழம் பனி பெய்திருந்தது. காட்ட ஒரு மயிர் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். ரெய்னோ சிரித்ததோடு நிற்கவில்லை. அந்தப் பரண்மேல் அவருக்கு ஆறு வருஷமாகக் கண். படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டை எடுத்து ஒரு பலகையில் எழுதினார்: "குறுக்குக்கட்டையில் முழுசாகத் தொங்காதது மான் அல்ல." கதவுக்கு மேலே அடித்தார். அன்றைக்கே பரண் அவருக்கு வந்தது.

ஏப்ரலில் பரணுக்குப் புது ஏணி அடிக்கப் போனபோது, உருகிய பனிக்குள்ளிருந்து எட்டுக் கிளைக் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. கம்பியில் கட்டிய சீட்டு சாயம் போயிருந்தாலும் பெயர் படிக்க முடிந்தது. ரெய்னோ சுற்றும் முற்றும் பார்த்தார். அதைத் தூக்கிச் சதுப்பின் ஆழமான பக்கத்தில் போட்டார். இரண்டு குமிழி வந்தது. பிறகு ஏணி அடிக்கப் போய்விட்டார். எத்தனையோ கதை சொன்னவர், இந்த ஒன்றை மட்டும் எவரிடமும் சொன்னதில்லை.

தலையைப் பலகையில் வைத்து இழுத்து வந்தார். மூன்று பேரும் வாசலில் விளக்கோடு நின்றார்கள். இரண்டு மரத்துக்கு நடுவே குறுக்குக்கட்டை. அதில் டெரிக்கின் மானும் புரூஸின் மானும் பின்னங்காலில் தொங்கிக்கொண்டிருந்தன.

புரூஸ் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தார்.

"கொயோட்டியா?"

"அஞ்சு."

"அஞ்சுன்னா நெசமா அஞ்சா, இல்ல உன் கணக்குல அஞ்சா?"

"அஞ்சு மச்சான்."

"பத்துக் கிளைதான்," என்றான் டெரிக், எண்ணிப் பார்த்துவிட்டு. "பாவம் மாமா. தலையை மட்டும் மாட்டிடலாமா?"

எதிரிதான் முதலில் இரங்கினான். ரெய்னோவுக்கு அது இன்னும் கசந்தது.

"மாட்டலாம்," என்றார் புரூஸ். "எனக்கு ஒண்ணும் இல்ல. மான் அடிச்சது நெசம், சீட்டு கட்டினது நெசம். நான் கண்ணால பாக்கறேன். ஆனா மச்சான், மேல பாரு."

எல்லோரும் கதவுக்கு மேலே பார்த்தார்கள். பச்சைப் பெயின்ட் பத்தொன்பது வருஷத்தில் கொஞ்சமும் உரியவில்லை. நல்ல பெயின்ட்.

"யார் கையெழுத்து?" என்றார் புரூஸ்.

"என்னுதுதான்."

"'முழுசாக'ன்னு யாரு சேத்தது? அன்னைக்கு நான் வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"அப்ப திரும்பி நில்லு."

ரெய்னோ திரும்பி நின்றார். கத்தரி கொண்டுவந்தவர் ஹெய்க்கி. கத்தரி அடுப்படிச் சாமான். சிவப்புக் கட்டத் துணி முதுகுக்குக் கீழே சரக்கென்று போனது. டெரிக் ஆணி தேடினான்.

சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு சீவ வேண்டியிருந்தது. ரெய்னோ அடுப்படியில், ஹெய்க்கிக்கு எதிரே, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். இரண்டாவது கத்தி தயாராக இருந்தது. பத்தொன்பது வருஷமாகத் தயாராக இருந்திருக்கும்.

"எனக்கு வந்தது மூணு," என்றார் ஹெய்க்கி. "ராத்திரி ஊளையை வெச்சு எண்ணினேன். உனக்கு அஞ்சு. காலம் செழிப்பாத்தான் இருக்கு."

ரெய்னோ ஒரு கிழங்கைச் சீவி முடித்தார்.

"அண்ணே. உன் மான் நெசம்."

"ம்."

"நான் பாத்தேன். அடுத்த ஏப்ரல்ல. அதே வேருக்கு அடியில. எட்டுக் கிளை. இடது பக்கம் ஒண்ணு நுனி ஒடைஞ்சிருந்துச்சு."

ஹெய்க்கி நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் ஏதோ வந்தது போலிருந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"அதை நானே பத்தொம்பது வருஷமா உனக்குச் சொல்லிட்டிருக்கேன்."

"சீட்டுல உன் பேரு இருந்துச்சு."

"சீட்டு கட்டினேன்னும் சொல்லியிருக்கேன். கம்பியில கட்டினேன்னுகூடச் சொல்லியிருக்கேன்."

"கம்பிதான்ணே. நெசமா."

"சரி, இப்ப எங்க அது?"

"சதுப்புல போட்டுட்டேன். பரணுக்காக."

ஹெய்க்கி கிழங்கைத் தண்ணீரில் போட்டார். மெதுவாகச் சிரித்தார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

"அதான பாத்தேன். உன் கதையில சாட்சி மட்டும் எப்பவும் தண்ணிக்குள்ள போயிடும். போன வருஷம் அந்த ரெண்டு வால் மீனு, அதுக்கு முந்தி உன் கடிகாரத்தை முழுங்கின வாத்து."

"இது அப்படி இல்லண்ணே."

"பரவாயில்லப்பா. வால் போன அன்னைக்கும் என்னைத் தேத்தணும்னு இவ்வளவு ஜோடிச்சியே. இத்தனை வருஷத்துல நம்பற மாதிரி நடிக்கக்கூட ஒருத்தன் வரல. அந்த மட்டுக்கும் நீ நல்லவன்."

ரெய்னோ வாயைத் திறந்தார். என்ன சொன்னாலும் அது இன்னும் நல்ல கதையாகத்தான் ஆகும் என்று தெரிந்தது. அடுத்த கிழங்கை எடுத்தார்.

உள்ளே டெரிக் ஆணியடிக்கிற சத்தம். நீலக் கட்டத்துக்கும் பழுப்புக் கட்டத்துக்கும் பக்கத்தில் என்று புரூஸ் இடம் காட்டிக்கொண்டிருந்தார். சட்டை இல்லாத இடத்தில், கதவிடுக்கு வழியாக ஏரிக்காற்று வந்து ரெய்னோவின் முதுகைத் தொட்டது.

"தோலை மெல்லிசா சீவு," என்றார் ஹெய்க்கி. "பாதிக் கிழங்கைத் தோலோட தள்ளற."