கொடிமேடை மதகு

டெல்டாவில் எங்கே தோண்டினாலும் களிமண்தான். ஒரு கல் கிடைக்காது. வீரையன் வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு இடிந்து மூன்று மாதமாகியும் ஜல்லி வந்தபாடில்லை. இந்தக் குறுவையில் நிலம் தரிசாகக் கிடந்தால் அதைச் சாக்காக வைத்து அவனைக் குத்தகையிலிருந்து கிளப்பிவிட நிலத்துக்காரர் கலியபெருமாள் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஓவர்சியர் அப்துல் வஹாப்தான் வழி கண்டுபிடித்தார். சாலையை அகலப்படுத்த இரண்டு கட்சிகளின் கொடிமேடைகளையும் இடித்துப் போட்டிருந்தார்கள். அந்தக் காங்கிரீட்டை ஜல்லியாக உடைத்து, சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாக ரைஸ்மில் உமிச்சாம்பலைக் கலந்து மதகைக் கட்டி முடித்தார். சுத்தியலால் தட்டினால் கணீரென்றது.

அதோடு விட்டார்களா, புண்ணியவான்கள்? ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் அமிர்தலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“எங்க மேடை இதுல எந்தப் பக்கங்க?”

“எல்லாம் கலந்துபோச்சுங்க” என்றார் ஓவர்சியர்.

“அதெப்படிங்க? அவங்க ஜல்லிய எங்க ஜல்லி சொமக்குதா?”

மறுநாள் எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர் காயாரோகணம் வந்தார். “எங்க ஜல்லி மேல அவங்க ஜல்லி ஏறி ஒக்காந்திருந்தா மதகையே பேத்துடுவோம்!”

மேடை போன இடத்துக்குப் பதிலாக மதகில் எங்கள் கொடிதான் முதலில் ஏறவேண்டும் என்று இரண்டு பேரும் நின்றார்கள். தாசில்தார் சமாதானக் கூட்டம் போட்டார். யார் கொடி முதலில் என்று முடிவாகும்வரை மதகை அடைத்திருக்கும் பலகையைக்கூட யாரும் தூக்கக் கூடாதாம். இரண்டு போலீஸ்காரர்கள் காவலுக்கு வந்தார்கள். மேட்டூர் அணை திறந்து வந்த தண்ணீர் மூடிய பலகையில் முட்டி நின்றது. குட்டைத் தண்ணீரை ஊற்றி வளர்த்த நாற்று நடவுக்கு வயலில் தண்ணீர் இல்லாமல் முற்றிக்கொண்டிருந்தது. கலியபெருமாள் தினமும் காரில் வந்து காய்ந்த வயலைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் வீரையன் மைக்செட்டோடு வந்து நின்றான்.

“இதுல இருக்கிற சாம்பல் என் நெல்லோட உமிங்க. எனக்கும் பங்கு இருக்கு. நானும் கொடி ஏத்தறேன்.”

அமிர்தலிங்கம் யோசித்தார். காயாரோகணமும் யோசித்தார். எதிராளி முந்துவதைவிட எவனோ ஒருவன் முந்தட்டும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. “ஏத்துப்பா!” என்றார்கள்.

வீரையன் தலைத்துண்டை அவிழ்த்து மதகுப் பலகையின் உச்சியில் கட்டினான். “கொடியேற்றம்!” என்று மைக்கில் கூவிவிட்டுப் பலகையைத் தூக்கினான். துண்டும் ஏறியது, பலகையும் ஏறியது. பழக்கதோஷம், இரண்டு கட்சிக்காரர்களும் நிமிர்ந்து நின்று கைதட்டினார்கள். தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலில் பாய்ந்தது.

போலீஸ்காரர் ஒருவர் விசிலை வாயில் வைத்தார். “கொடி ஏறுறப்ப விசில் அடிக்காதய்யா!” என்று அமிர்தலிங்கம் அதட்டினார்.

காரிலிருந்து கலியபெருமாள் குதித்து ஓடிவந்தார். “டேய், எறக்குடா பலகைய!”

இரண்டு செயலாளர்களும் அவர் பக்கம் திரும்பினார்கள். அந்த ஊரில் அவர்கள் ஒரே குரலில் பேசியது அதுதான் முதல் தடவை.

“ஏறின கொடிய எறக்கச் சொல்றீங்களா? என்ன தைரியம் ஒங்களுக்கு?”

வீரையன் அதைக் கேட்க அங்கே இல்லை. முழங்கால் சேற்றில் நின்று பெண்டாட்டியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“எல்லம்மா, நாத்தப் பறி! சீக்கிரம் பறி!”