திருகுக் கிருமியும் தெய்வாத்தாள் குழம்பும்

சோமனூரில் தறி ஓட்டும் அங்கப்பனுக்கு வயிற்றுப் புண். யார் விசாரித்தாலும் ஒரே பதில்தான்: "எல்லாம் எங்க ஊட்டுக்காரி கைக்காரமுங்க."

டீக்கடையில் சிரிப்புக்குச் சொன்னது கோயில் வரை போய்விட்டது. மாரியம்மன் பொங்கலின் அன்னதானத்துக்குத் தன் கையால் ஒரு தடவை குழம்பு வைக்க வேண்டும் என்பது அவர் மனைவி தெய்வாத்தாளின் வேண்டுதல். ஆனால் அவள் அடுப்பருகே வந்தாலே, சமையலுக்குத் தலைவியான பங்காரம்மா கரண்டியை ஒளித்துவிடுவாள். "நீ காய் நறுக்கு அம்மணி. ஊரையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப்போடாத!"

அந்த வருஷம் பொங்கலுக்கு முன்பு வலி பொறுக்காமல் இருவரும் கோயமுத்தூருக்குப் போனார்கள். குழாய் விட்டு வயிற்றைச் சோதித்த டாக்டர் மோகன்குமார், பிறகு அங்கிருந்து எடுத்த துணுக்கை மைக்ராஸ்கோப்பில் காட்டினார்.

"பாருங்க, திருகாணி மாதிரி. இந்தப் பாக்டீரியாதான் புண்ணுக்குக் காரணம். வயித்து அமிலத்துக்கே சாகாது. தன்னைச் சுத்தி அமிலத்தை முறிச்சுக்கிட்டு, வாலைச் சுழட்டித் துளைச்சுக்கிட்டே உள்ளே போயிரும்."

"அப்ப மிளகா?" என்றாள் தெய்வாத்தாள்.

"அது எரிச்சலைக் கூட்டும். புண்ணை உண்டாக்கினது இதுதான்."

அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். "ஏஞ்சாமி, இத்தனை வருஷம் உனக்குப் பதிலா நானாக்கும் ஏச்சு வாங்கினேன்!"

மாத்திரையில் வலி போனது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க அங்கப்பனுக்குக் கூச்சம். பொங்கலன்று தெய்வாத்தாள் வழக்கம்போலக் காய் நறுக்க அருவாமனையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அதைக் கண்டதும் அவர் பின்னாலேயே ஓடினார்.

"ஏனுங்க பங்காரக்கா, என் வயித்துல இருந்தது பூச்சிங்க. இவ மேல பழி போட்டது என் வாய்க்கொழுப்பு. கரண்டியக் குடுங்க."

கரண்டி கை மாறியது. படையலுக்கு முன் ருசி பார்க்கும் வழக்கமில்லை. அம்மனுக்குப் படைத்த பிறகு பங்காரம்மா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள்.

"அடி அம்மணி, காரமே காணோம்! அம்மனுக்கே பத்தியச் சோறா?"

தெய்வாத்தாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இவருக்கு ஆகாதுன்னு ஊட்டுல காரத்தையே உட்டு வருஷக்கணக்காச்சுங்க. அளவு மறந்துபோச்சு."

"உனக்காச்சும் தனியா வெச்சுத் தின்னிருக்கலாமல்ல?" என்றார் அங்கப்பன்.

"உங்களுக்கு முன்னால உக்காந்து எப்படித் திங்கறதுங்க?"

அவர் மளிகை மூட்டையிலிருந்து ஒரு கை வரமிளகாயை அள்ளி வந்து அவளிடம் நீட்டினார்.

"மாரியாத்தா எனக்காக ஒரு நாள் பத்தியம் இருந்துட்டா. நீ தாளிச்சுக் கொட்டு, மொத இலை எனக்கு."