வண்டி எங்கெங்கே நிற்கும்?

ஐம்பத்து மூன்றாம் வருஷத்துப் பங்குனி வெயில். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற பஸ் பாறசாலை தாண்டியதும் புகைந்து நின்றுவிட்டது. டிரைவர் முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, வேறு வண்டி வந்தால்தான் உண்டு என்று கையை விரித்தார். ஆண்கள் இறங்கி ஆளுக்கொரு தென்னை மூட்டுக்கும் வேலிக்கும் பின்னால் போய்விட்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். பெண்கள் வண்டியிலேயே இருந்தார்கள்.

கோட்டாற்றில் அரிசிக்கடை வைத்திருக்கும் தாணுப்பிள்ளை ஒரு பனையடியில் நின்று ஓலைப்பட்டையில் இரண்டு பட்டை அக்கானிப் பதநீர் குடித்தார். பனையிலிருந்து அப்போதுதான் இறக்கியது, நல்ல இனிப்பு. மனைவி சொர்ணம்மாளுக்கும் ஒரு பட்டை வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினார்.

"எனக்கு வேண்டாம். நீங்களே குடியுங்கோ."

அதையும் அவரே குடித்தார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம், "நம்ம வீட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு எந்த ஊருக்கும் போலாம் வேய். வழியில ஒரு சொட்டு தண்ணி கேக்கமாட்டா. ஒரு தொந்தரவு கெடையாது" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லி வருகிற பெருமை அது.

மறுநாள் விடிகாலையில் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலிருந்து அனந்தபத்மநாபனின் யாத்திரை பஸ் புறப்படுகிறது. மதுரை, ராமேஸ்வரம், ஸ்ரீரங்கம், சிதம்பரம், திருப்பதி. கூடவே வந்து வழிகாட்டி, தலபுராணம் சொல்லி, வேளைக்குச் சாப்பாடும் போட்டுக் கொண்டுவந்து விடுவார் என்று அவருக்குப் பெயர். போகிறவர்கள் எல்லாரும் முந்தின சாயங்காலமே அவர் வீட்டில் கூடிவிட வேண்டும். தாணுப்பிள்ளை கடைசி மகளையும் கட்டிக் கொடுத்துவிட்டார். சொர்ணம்மாளோ கிழக்கே ஆரல்வாய்மொழிக்கு அப்பால் ஒரு ஊர் பார்த்தவளில்லை. கடலுக்கு நடுவில் ரயில் ஓடுகிற அந்தப் பாம்பன் பாலத்தை ஒருதரம் பார்க்கவேண்டும் என்பதுதான் அவள் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆசை.

மாற்றுவண்டி வந்து, திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கியபோது மத்தியானம் கழிந்துவிட்டது. யாத்திரைக்கு வேண்டிய சாமான் ஒன்றுகூட வாங்கவில்லை. மூட்டையைச் சுமந்துகொண்டு இருவரும் பெரிய கடைத்தெருவான சாலைக் கம்போளத்துக்கு விரைந்தார்கள். அவசரப்பட்டவனுக்கு ஆண்டவனும் கதவடைப்பான் போலிருக்கிறது. ஜமுக்காளக் கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். டார்ச் லைட் கடையில் லைட் இருந்தது, பாட்டரி இல்லை. "இப்ப வரும் அண்ணாச்சி, கொறச்சு இரியுங்க" என்றான் கடைப்பையன். அந்தக் கொஞ்ச நேரத்தில் தாணுப்பிள்ளை எதிர்த்த கடையில் மோரும், அடுத்த கிளப்பில் காபியும் குடித்து வந்தார். சொர்ணம்மாள் மூட்டைக்குக் காவல் நின்றாள். அவளுக்கு மோரும் வேண்டாம், காபியும் வேண்டாம்.

பாத்திரக் கடையில் அவர் ஒரு கூஜாவின் மூடியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"இஞ்ச பாருங்கோ. எனக்குத் தலை சுத்துது."

திரும்புவதற்குள் அவள் தூணைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். உதடு வெடித்திருந்தது. ஒரு கை அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. தாணுப்பிள்ளை கூஜாவும் கையுமாக அவளிடம் குனிந்தார். கடைக்காரர்தான் ஒரு குதிரை வண்டியை நிறுத்தி, கோட்டைப் பக்கம் ஞானபாய் டாக்டரம்மா வீட்டுக்குப் போகச் சொன்னார். வண்டி குலுங்கக் குலுங்க அவள் பல்லைக் கடித்தாள். பத்மநாபசாமி, யாத்திரை போனால் போகிறது, இவளை எனக்குத் திருப்பிக் கொடு என்று அவர் வாய்க்குள் வேண்டிக்கொண்டே போனார்.

ஞானபாய்க்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். சொர்ணம்மாளை உள்ளே கூட்டிப்போய் வெகுநேரம் கழித்துத் தனியாக வெளியே வந்தார்.

"பயப்பட ஒண்ணும் இல்ல. நீர்க்கடுப்பு."

தாணுப்பிள்ளைக்கு மூச்சு வந்தது.

"நேத்து ராத்திரியே தண்ணி குடிக்கத நிறுத்தியாச்சு. காலையில வீட்டுல இருந்து பொறப்பட்டதுக்குப் பெறவு ஒருக்கா கூட ஒண்ணுக்குப் போகல்ல. இப்பதான் உள்ள போய்ட்டு வந்தாங்க."

"அதெதுக்கு அடக்கணும்? போக வேண்டியதுதானே?"

அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"எங்க போவாங்க?" என்றார் டாக்டர். "நீங்க எங்க போனீங்க?"

தாணுப்பிள்ளைக்குப் பாறசாலை நினைவு வந்தது. வழிநெடுக எத்தனை தென்னை, எத்தனை வேலி.

"இன்னைக்கு மட்டும் இல்ல. கல்யாணம், திருவிழா, எங்க போனாலும் இதே கததான். கேட்டா, வழக்கமாயிட்டு என்காங்க. இப்படியே போனா ஒருநாள் ஒடம்புக்குள்ள நல்லாக் கெட்டுப்போவும். அப்ப என்கிட்ட மருந்து இருக்காது."

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழுவதே வெட்கம் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை என்ன செய்யும்? பட்டினியைப் பழக்கிக்கொள்ளும். வீட்டில் இருப்பவர்கள் அதற்குப் பசியே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். தாணுப்பிள்ளை கெட்டவரல்ல, ஆனால் அந்த நிமிஷத்தில் தன்னைவிட மட்டமான மனிதன் இல்லை என்று அவருக்குப் பட்டது.

"அப்ப ஊருக்கே திரும்பிருகோம்" என்றார்.

"பாலம்?" என்றது வாசற்படியில் வந்து நின்ற சொர்ணம்மாளின் குரல். முகம் தெளிந்திருந்தது.

"போட்டும், போய்ப் பாக்கட்டும்" என்றார் ஞானபாய். "மருந்து தாறேன். ஆனா தண்ணி குடிச்சிக்கிட்டே இருக்கணும். வண்டியும் அப்பப்ப நிக்கணும். நிறுத்துங்கன்னு யாராவது வாய் தொறந்து கேக்கணும்."

"அத நான் கேக்கமாட்டேன்" என்றாள் சொர்ணம்மாள்.

டாக்டர் தாணுப்பிள்ளையைப் பார்த்தார்.

சாயங்காலம் ஸ்ரீவராகத்தில் அனந்தபத்மநாபன் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. முன்னால் ஆண்கள், சுவரோரம் பெண்கள். நெற்றி நிறையச் சந்தனத்தோடு அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். திருநெல்வேலியில் காலைப் பலகாரம், கோவில்பட்டியில் காபி, மதுரையில் தங்கல். ஒருவர் வெற்றிலை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இன்னொருவர் பெட்டியை மேலே கட்டுவதா, உள்ளே வைப்பதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

"வேற யாருக்காவது சந்தேகம் உண்டோ?"

தாணுப்பிள்ளைக்குக் காது சுட்டது. கோட்டாற்றுக் கம்போளத்தில் நாலுபேர் மதிக்கிற மனிதர். எழுந்தார்.

"பொம்பளையாளுவ ஒண்ணுக்குப் போக வண்டி எங்கெங்க நிக்கும்?"

யாரோ ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். சொர்ணம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்ன ஓய் இது, சபையில" என்றார் அனந்தபத்மநாபன். "நான் எத்தனை வருஷமா யாத்திரை நடத்தறேன். இதுவரைக்கும் ஒரு ஸ்திரீ இப்படிக் கேட்டதில்லை."

"எங்க வீட்டுலயும் கேட்டதில்ல. இன்னைக்குச் சாலைக் கம்போளத்துல வச்சு விழுந்துட்டா."

காபித் தட்டோடு சமையற்கட்டு வாசலில் நின்றிருந்த அனந்தபத்மநாபனின் மனைவி சீதாலக்ஷ்மி பேசினாள்.

"மொத வருஷத்துக்கப்பறம் நான் உங்களோட வரதில்லையே, ஏன்னு நெனச்சேள்?"

"உனக்குப் பஸ்ஸே ஒத்துக்கலைன்னு நீதானே சொன்னே."

"வேற எப்படிச் சொல்ல முடியும்?"

அனந்தபத்மநாபன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சுவரோரம் சின்னதாக ஒரு சலசலப்பு. ஒருத்தி போன தடவை ராமேஸ்வரத்தில் தனக்கும் காய்ச்சல் வந்ததைச் சொன்னாள். அடுத்தவள் தன் அக்கா கதையைச் சொன்னாள். பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை.

அவர் பென்சிலை எடுத்தார். "வழியில ரெண்டு சத்திரம் இருக்கு, பின்பக்கம் மறைவும் உண்டு. சாத்தூர்ல என் சிநேகிதனோட அகம் இருக்கு, அங்கே நிறுத்தலாம். மதுரைக்கு ராத்திரி போய்ச் சேர்ந்தாப் போறது" என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். அப்புறம் தலை நிமிராமலே மனைவியைக் கேட்டார். "நீயும் வரயா?"

"முதல்ல வண்டி நிக்கட்டும். அப்பறம் பாக்கலாம்" என்றாள் சீதாலக்ஷ்மி. பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. கூடத்துக்கே பாரம் இறங்கினாற்போல் ஆயிற்று.

சொர்ணம்மாள் முந்தானையை விலக்கி, "அக்கா, குடிக்கத் தண்ணி தாங்கோ" என்றாள். ஒரு செம்பு முழுவதும் குடித்துவிட்டு, இன்னொன்றும் கேட்டாள்.

விடைபெறும்போது அனந்தபத்மநாபன் தாணுப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை ஓய். தோணலை, அவ்வளவுதான்."

"எனக்கும் தோணல்ல சாமி" என்றார் தாணுப்பிள்ளை. "கேக்காதவளுக்கு ஒண்ணும் வேண்டாம்னு நெனச்சோம் பாத்தீரா, அதான் நாம செஞ்ச பாவம். கேக்க முடியாதபடி அவளுவள வச்சிருந்தது நாமதானே."